ஒரு சங்கிலிக்கு ஓர் உலோகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வளையங்களைத் திறந்து பாலிமர் செய்யும் மெட்டாதெசிஸ் (இரட்டைப் பிணைப்புகள் துணை மாற்றிக்கொள்ளும் வினை) முறை பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். முதுகலை வேதியியல் மாணவன் நான். எனக்கு இரண்டு சந்தேகங்கள். முதலில் சாதாரண பாலிமர் ஒன்றைச் செய்துகொண்டு, வேண்டிய குணத்தைத் தரும் அணுக்கூட்டங்களை, அதாவது வினைச்செயல் தொகுதிகளைப் பிறகு மாட்டலாமே, எதற்கு ருத்தேனிய உலோக வினையூக்கியும் இத்தனை ஏற்பாடும்? அடுத்தது, வினையூக்கி என்றால் துளி போதும் என்றுதான் படித்திருக்கிறோம். அப்படியிருக்க, இந்த முறையில் மட்டும் ஏன் எல்லோரும் வினையூக்கியின் செலவைச் சொல்லிப் புலம்புகிறார்கள்? ஆய்வுக்கூடத்தைத் தாண்டி இது எங்காவது வந்திருக்கிறதா?

க.

அன்புள்ள க.,

உங்கள் இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. அதற்கு முன் முதலாவதை முடித்துவிடுகிறேன்.

பிறகு மாட்டலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் 100 அலகுகள் கொண்ட சங்கிலியில் 95இல் தொகுதி ஏறி 5இல் ஏறாமல் போனால், அந்த 5ஐப் பிரித்தெடுக்க வழி கிடையாது. அவையும் அதே சங்கிலியில்தான் கோத்துக்கிடக்கின்றன. தொகுதியை மோனோமரிலேயே, அதாவது கோக்கப்படும் ஒற்றை அலகிலேயே ஏற்றிவிட்டால், அது சிறிய மூலக்கூறு. இங்கே அது இரட்டைப் பிணைப்புள்ள ஒரு வளையம். சுத்தம் செய்து, சோதித்து, பிறகு கோக்கலாம். எல்லா அலகிலும் தொகுதி இருக்கும்.

அப்படிக் கோக்க, அந்தத் தொகுதிகளைத் தொடாமல் இரட்டைப் பிணைப்பை மட்டும் தேடிப் போகும் உலோகம் வேண்டும். டங்ஸ்டன், மாலிப்டினம் போன்றவை ஆக்சிஜன் மேல் பற்றுக் கொண்டவை. அமிலமோ ஆல்கஹாலோ அருகில் இருந்தால் அங்கே சிக்கிக்கொள்ளும். ருத்தேனியம் அவற்றைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. இதன் வினைவழியை 1971இல் சொன்னவர் ஈவ் ஷோவான். மாலிப்டினம், டங்ஸ்டன் வினையூக்கிகளைச் செம்மையாக்கியவர் ஷ்ராக், ருத்தேனியத்தைக் கொண்டுவந்தவர் கிரப்ஸ். மூவருக்கும் 2005இல் நோபல் பரிசு. ருத்தேனியத்தின் பெருந்தன்மைக்கும் எல்லை உண்டு. பாதுகாக்கப்படாத அமீனும் (நைட்ரஜன் தொகுதி) தயோலும் (கந்தகத் தொகுதி) அதைப் பிடித்துக்கொள்ளும். அங்கே உங்கள் வழிதான் சரி, பிறகு மாட்டுவதே மேல்.

வினையை முன்னே தள்ளுவது வளையத்தின் இறுக்கம். வளைத்துக் கட்டிய மூங்கில் கட்டவிழ்ந்ததும் நிமிர்வதுபோல, நார்போர்னீன் என்ற இறுக்கமான வளைய மோனோமர் திறந்ததும் மோலுக்கு ஏறத்தாழ 27 கிலோகலோரி அளவிலான இறுக்கம் தளர்கிறது. திரும்பி மூட அதற்கு எந்தக் காரணமும் இல்லை. சைக்ளோஹெக்சீனில் இறுக்கம் மிகக் குறைவு, அதனால் அது பாலிமராகாமல் அடம்பிடிக்கும். நார்போர்னீனின் இந்த வேகத்தால்தான், ஒரு முழு பாலிமர்ச் சங்கிலியையே அதன் மேல் தொங்கவிட்டாலும் கோக்க முடிகிறது. போத்தல் கழுவும் பிரஷ்போல் நாற்புறமும் கிளை விட்ட பாலிமர்கள் அப்படித்தான் வருகின்றன. அவற்றில் சில தாமாகவே அடுக்கடுக்காக அமைந்து, சாயமே இல்லாமல் நிறம் காட்டும். வேதியியலாளர் லாரா கீஸ்லிங் 1990களில் சர்க்கரைகளை ஏற்றிய சங்கிலிகளைச் செய்தார். புரதங்கள் அவற்றை எப்படிப் பற்றுகின்றன, சங்கிலியின் நீளம் அதில் என்ன மாற்றம் செய்கிறது என்று பார்க்க முடிந்தது. நீளம் நம் கையில் இருந்தால்தானே அந்தக் கேள்வியையே கேட்க முடியும்?

இனி செலவு. ஒரு வளையம் திறந்ததும் உலோகம் விலகிப் போவதில்லை. சங்கிலியின் நுனியிலேயே உட்கார்ந்து அடுத்த வளையத்துக்குக் காத்திருக்கிறது. ஓர் உலோகம், ஒரு சங்கிலி. மோனோமருக்கும் வினையூக்கிக்கும் உள்ள விகிதமே சங்கிலியின் நீளம். முதல் மோனோமர் தீர்ந்ததும் இரண்டாவதை ஊற்றினால் அதே நுனியில் அடுத்த பகுதி வளரும். போதும் என்றால் எத்தில் வினைல் ஈதர் சேர்த்து நிறுத்தலாம். (தாமதிக்காதீர்கள். மோனோமர் தீர்ந்தபின் உலோகம் சும்மா இருக்காது, தன் சங்கிலியையே கடிக்கத் தொடங்கும்.) நாம் மெச்சுகிற கட்டுப்பாடு முழுவதும் நுனியில் அமர்ந்திருக்கும் அந்த உலோகத்தால் வருகிறது. செலவும் அதனால்தான்.

கணக்குப் போடுங்கள். மோனோமரின் மூலக்கூறு எடை 200, சங்கிலிக்கு 100 அலகுகள் என்றால் சங்கிலியின் எடை 20,000. கிரப்ஸின் மூன்றாம் தலைமுறை வினையூக்கியின் எடை சுமார் 884. ஒரு கிலோ பாலிமருக்கு ஏறத்தாழ 44 கிராம் வினையூக்கி! அதில் 5 கிராம் வெறும் ருத்தேனியம். மருந்துக்கான பாலிமர் என்றால் அதை அகற்றியும் ஆக வேண்டும். பாடநூலில் படித்த 'துளி' இங்கே பொருந்தாது.

தொழிற்சாலைக்கு வந்திருக்கிறதா என்றால், நன்றாகவே வந்திருக்கிறது. 1970களிலேயே நார்போர்னீன் ரப்பர் நார்சோரெக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதன் மூலக்கூறு எடை 20 லட்சத்துக்கும் மேல். சங்கிலி அவ்வளவு நீளமானால் உலோகத்தின் பங்கு அற்பமாகிவிடும். ஜப்பானின் சியோன் நிறுவனம் வளையம் திறந்த பாலிமரை ஹைட்ரஜனேற்றி ஒளிபுகும் பிளாஸ்டிக் செய்கிறது. சில கேமரா லென்சுகளில் இருப்பது அது. இவற்றிலெல்லாம் ஒவ்வொரு சங்கிலியின் நீளத்தையும் யாரும் அளந்து வைக்கத் தேவையில்லை, அதனால் கட்டுபடியாகிறது. குட்டையான, துல்லியமான, தொகுதிகள் ஏற்றிய சங்கிலிகளுக்குத்தான் விலை.

சங்கிலியை இடையில் கைமாற்றிவிடும் மூலக்கூறுகளைச் சேர்த்தால் ஓர் உலோகமே பல சங்கிலிகளைச் செய்யும். ஆனால் வழக்கமான முறையில் நீளக் கட்டுப்பாடு தளர்ந்துபோகும். கட்டுப்பாட்டை இழக்காமலே அதைச் செய்ய சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியாஸ் கில்பிங்கரின் குழு முயன்றுவருகிறது. ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால், நான் முதலில் அந்தப் பக்கம்தான் பார்ப்பேன்.