துபாய் சம்பளத்துக்கும் அமெரிக்காவில் கணக்கு: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்க சிட்டிசன், கல்யாணம் ஆகவில்லை. துபாயில் வேலை. 2025-இல் சம்பளம் 1,50,000 டாலர். இங்கே வருமான வரியே இல்லை. அமெரிக்காவுக்கு எதற்குக் கட்ட வேண்டும்?

பதில்: குடியுரிமை இருக்கும்வரை எங்கே சம்பாதித்தாலும் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். ஆனால் படிவம் 2555 போட்டால் 2025-க்கு 1,30,000 டாலர் வரை சம்பளத்தைக் கழித்துக்கொள்ளலாம் (2026-க்கு 1,32,900). மீதி 20,000. அதில் நிலையான கழிவு 15,750 போனால் நிற்பது 4,250. இதற்கு 10 சதவீதம்தானே என்று நினைப்பீர்கள். இல்லை. கழித்த 1,30,000-க்கு மேல் இதை அடுக்கி வைத்துத்தான் விகிதம் பார்ப்பார்கள், அதனால் 24 சதவீதம், 1,020 டாலர். வீட்டு வாடகைக்கும் தனியாக ஒரு கழிவு உண்டு. அதைச் சேர்த்தால் இதுவும் குறையலாம்.

கேள்வி: சார், 330 நாள் கணக்கு எப்படி? போன ஜூனில் அம்மாவைப் பார்க்க நியூயார்க் போனேன். 19 நாள்தான்.

பதில்: எல்லாரும் வழுக்குகிற இடம் இதுதான். இந்தக் கணக்கின்படி 2555 கழிவு கிடைக்கத் தொடர்ச்சியான 12 மாதத்தில் 330 முழு நாள் வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும். முழு நாள் என்றால் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. ஜூன் 10 காலை துபாயில் ஏறினீர்கள், அந்த நாள் போச்சு. ஜூன் 30 இரவு 11 மணிக்கு நியூயார்க்கில் ஏறி மறுநாள் மாலை இறங்கினால் ஜூலை 1-உம் போச்சு. ஆக 19 இல்லை, 22. கையில் இருப்பதே 35 நாள்தான், மிச்சம் 13. நாள் பற்றாவிட்டால் பதறாதீர்கள். அந்த 12 மாதம் ஜனவரியில்தான் தொடங்க வேண்டும் என்றில்லை, முன்பின் நகர்த்திப் பாருங்கள். ஆண்டின் ஒரு பகுதி மட்டும் உள்ளே வந்தால் கழிவும் அந்த அளவுக்குத்தான். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: சென்னையில் இருந்துகொண்டு ஃப்ரீலான்ஸ் செய்யும் சிட்டிசன். செலவு போக 60,000 டாலர். கழிவில் எல்லாம் அடங்கிவிடும் இல்லையா?

பதில்: அமெரிக்க வருமான வரி அடங்கும். சுயதொழில் வரி அடங்காது. சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) சேர்த்து 15.3 சதவீதம். இதை லாபத்தில் 92.35 சதவீதத்தின் மீதுதான் போடுவார்கள், உங்களுக்கு ஏறக்குறைய 8,478 டாலர். ஜெர்மனிபோல் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்திருந்தால் இந்தச் சுமை தவிர்ந்திருக்கலாம். இல்லை. என்னைக் கேட்டால் இதுதான் இந்த ஏற்பாட்டிலேயே பெரிய அநியாயம்.

கேள்வி: ஜெர்மனியில் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்துவிடுகிறார்கள். எனக்கும் 2555-தானா?

பதில்: அவசரப்படாதீர்கள். படிவம் 1116-இல் அங்கே கட்டிய வருமான வரியையே அமெரிக்க வரியில் கழித்துக்கொள்ளலாம். மிஞ்சினால் 10 ஆண்டு முன்னோக்கிக் கொண்டுபோகலாம். குழந்தை இருந்தால் இன்னும் யோசியுங்கள்: 2555 போட்டால் குழந்தைகள் வரிச்சலுகையில் ரொக்கமாகத் திரும்பி வரும் பகுதி கிடைக்காது. ஏற்கெனவே 2555 போட்டு வந்தவர் அதை ரத்து செய்தால், ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) அனுமதி இல்லாமல் 5 ஆண்டு திரும்ப எடுக்க முடியாது.

கேள்வி: கோவையில் உள்ள எஃப்.டி. வட்டி?

பதில்: அது உழைத்த வருமானம் இல்லை, 2555-இல் சேராது. வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து ஆண்டில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் (வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை) தனியாகப் போட வேண்டும்.

கேள்வி: ரிட்டர்ன் போடக் கடைசித் தேதி?

பதில்: வெளிநாட்டில் வசித்து வேலை பார்ப்பவர்களுக்கு ஜூன் 15. கட்டவேண்டிய வரிக்கு மட்டும் ஏப்ரல் 15-இலிருந்தே வட்டி ஓடும்.