கை நுழைகிற டிவி ஸ்டாண்டாகப் பாருங்கள், தம்பி

சங்கரன்கோவிலிலிருந்து அடுத்த மாதம் இங்கே கேரளத்துப் புனலூருக்குக் குடி மாறுவதாக எழுதியிருந்தீர்கள். வாடகை வீடு, 43 இஞ்ச் டிவி, கூடவே அம்மாவும் இரண்டு வயதுப் பையனும். டிவி இதுவரை அம்மாவின் பழைய தேக்கு அலமாரி மேல் இருந்தது, அதையே லாரியில் ஏற்றி வரலாமா, இங்கே புது ஸ்டாண்ட் வாங்கலாமா, இல்லை சுவரில் மாட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். "அண்ணாச்சி, இதையெல்லாம் கேட்கிறேனே என்று நினைக்காதீங்க" என்று வேறு எழுதியிருந்தீர்கள். நினைக்க என்ன இருக்கிறது? எனக்கு இதைச் சொல்ல அன்று யாரும் இல்லை.

நான் பாவூர்சத்திரத்துக்காரன். காய்கறி லோடோடு வந்து இங்கேயே தங்கி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வந்த மூன்றாவது வருடம் ஒரு டிவியைப் பறிகொடுத்தேன். முதலில் அதைச் சொல்கிறேன், உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது.

அப்போது பெட்டி டிவி. ஊரிலிருந்து கொண்டுவந்த ஷோகேஸில், நாலு பக்கமும் அடைத்த தட்டில் வைத்திருந்தேன். பிளக் பாயின்ட் ஷோகேஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. ஐப்பசி மாதம், இங்கே அதைத் துலாம் என்பார்கள். நமக்கு ஐப்பசி என்றால் அடைமழைதான் நினைவுக்கு வரும். இங்கே காலையில் பளீரென்று வெயில் அடிக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுக்கும், கொஞ்ச நேரத்தில் இடி இறங்கும். மேகத்தைப் பார்த்ததுமே பக்கத்து வீட்டுச் சேச்சி ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு டிவி பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். ஷோகேஸை அசைக்க ஒரு ஆளால் முடியவில்லை. ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். ஒரு மின்னல் வெட்டு. டிவியும் கேபிள் பெட்டியும் சேர்ந்து போயின.

ஸ்விட்ச் ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும், அதுவும் ஒரு சின்ன இடைவெளிதான். மின்னல் தள்ளிவிடுகிற மின்சாரத்துக்கு அதைத் தாண்டுவது பெரிய காரியமில்லை. கரண்ட் ஒயர் வழியாக மட்டும் வரும் என்றும் இல்லை, கேபிள் ஒயர் வழியாகவும் வரும். அதனால் இங்கே வீடுகளில் பிளக்கையும் கேபிளையும் கழற்றிப் போடுவது பழக்கம். அதையும் வானம் கறுக்கும்போதே செய்துவிட வேண்டும், இடி தலைக்கு மேல் வந்த பிறகு ஒயரில் கை வைக்கவே கூடாது. சித்திரை, வைகாசியிலும் இந்த இடி உண்டு. அந்த நேரத்தில் நீங்கள் வேலையில் இருப்பீர்கள், வீட்டில் இருக்கப்போவது அம்மா. அவர் குனியாமல், எதையும் நகர்த்தாமல் கையை விட்டுப் பிளக்கை எடுக்க முடிகிற மாதிரி ஸ்டாண்ட் இருக்க வேண்டும். எந்த ஸ்டாண்டைப் பார்த்தாலும் முதலில் இதைப் பாருங்கள். முதுகு அடைக்காத ஸ்டாண்ட், பிளக் பாயின்ட் அதன் பக்கவாட்டில் வரும்படி ஒரு இடம். வீட்டுக்குள் நுழைந்ததும் ஸ்விட்ச் போர்டு எந்தச் சுவரில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

அடுத்தது ஈரம். ஆனி, ஆடியில் நமக்குக் குற்றாலச் சாரலாக வருகிற அதே காற்றுதான் மலைக்கு இந்தப் பக்கம் மழையாகக் கொட்டித் தீர்த்துவிட்டு வருகிறது. வாரக்கணக்கில் சுவர் காயாது. கடையில் விலை குறைவாக, பளபளவென்று இருப்பது பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளைப் பசை போட்டு அழுத்தி, மேலே தாள் ஒட்டியது. தென்காசிப் பக்கம் அது பல வருடம் உழைக்கலாம். இங்கே தினமும் தரை துடைக்கிற ஈரத்திலேயே அடிப்பலகை ஊறி உப்பும். ஒருமுறை உப்பினால் பிறகு காய வைத்தாலும் பழைய நிலைக்கு வராது, ஆணியும் பிடிக்காது. பிளைவுட் என்றால் எம்.ஆர். என்று போட்டிருப்பது ஈரக்காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. பி.டபிள்யூ.பி., ஐ.எஸ். 710 என்று முத்திரை உள்ளது தண்ணீரையும் தாங்கும், விலை கூடுதல். ஹாலில் நிற்கிற ஸ்டாண்டுக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் எண்ணம். நாலு இஞ்ச், ஐந்து இஞ்ச் கால் இருந்து, மாப் அடியில் புகுந்து வந்தால் எம்.ஆர். போதும்.

அதைவிட நல்லது மரம். இங்கே மரத்தைத் "தடி" என்பார்கள். முதல் தடவை "தடியில் செய்ததா?" என்று காதில் விழுந்தபோது நான் கம்பு என்றுதான் நினைத்தேன். புனலூரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் ரப்பர்த் தோட்டம். இருபத்தைந்து, முப்பது வருடத்தில் பால் குறைந்ததும் மரத்தை வெட்டிவிடுவார்கள், அந்த மரத்தில் சாமான்கள் செய்கிறார்கள். பச்சையாக விட்டால் ரப்பர் மரம் உளுத்துப்போகும், பூசணமும் ஏறும். போராக்ஸ் மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தியதா என்று கேட்டு வாங்கினால் நம்பலாம். ஆசாரி பிடித்துச் செய்வதானால் பலா, அயினி இரண்டும் நல்ல மரம். அயினியை இங்கே ஆஞ்ஞிலி என்பார்கள். எதுவாக இருந்தாலும் சுவரோடு ஒட்ட வைக்காதீர்கள். மூன்று இஞ்ச் தள்ளி வைத்தால் காற்றும் போகும், கரையான் ஏறினால் கண்ணிலும் படும்.

அளவுக்கு வருகிறேன். 43 இஞ்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. அகலம் 38 இஞ்ச் போலத்தான் வரும். இப்போது வருகிற டிவிகளுக்குக் கால் இரண்டு ஓரத்திலும் இருக்கிறது, அதனால் குறுகிய மேஜை உதவாது. நாலடி அகலம் எடுங்கள், ஆழம் ஒன்றேகால் அடிக்குக் குறைய வேண்டாம். உயரத்துக்கு நான் கேட்பது ஒன்றுதான்: அம்மா எங்கே உட்கார்ந்து பார்ப்பார்? பாய் போட்டுத் தரையில் என்றால் ஒன்றரை அடி ஸ்டாண்ட் சரி, படத்தின் நடுப்பகுதி அவர் கண்ணுக்கு நேராக வரும். சோபா என்றால் இரண்டடி. நிமிர்ந்து பார்ப்பதைவிடக் கொஞ்சம் குனிந்து பார்ப்பது கழுத்துக்கு நல்லது, ஆகவே சந்தேகமானால் தாழ்ந்ததையே எடுங்கள். அக்கம்பக்கத்தில் பேச்சு பழகும் வரை பகல் முழுக்க அவருக்குத் துணையாகத் தமிழில் பேசப்போவது அந்த டிவிதான், தம்பி. அவர் வசதியை வைத்தே முடிவு பண்ணுங்கள்.

பையனுக்காக இழுப்பறை உள்ளதை வேண்டாம் என்பேன். இரண்டு வயதுப் பிள்ளை இழுப்பறையை இழுத்துப் படியாக்கி ஏறும், பாரம் முன்னால் சாய்ந்து டிவியோடு கவிழும். டிவியின் முதுகில் சுவர் மாட்டிக்கான நாலு துளை இருக்கும். அதில் ஒரு பட்டையைத் திருகி, சுவரில் ஒரு கொக்கியில் கட்டிவிடுங்கள். ஒரே ஒரு துளைக்கு வீட்டுக்காரர் மறுக்க மாட்டார், காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள். ரிமோட்டையும் பொம்மையையும் டிவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

சுவரில் மாட்டுவது வாடகை வீட்டுக்கு எனக்குச் சம்மதமில்லை. பழைய வீடுகளில் வெட்டுக்கல், அதாவது செம்பாறாங்கல் சுவர், துளை போட்டால் பொடியாக உதிரும், போல்ட் பிடிக்காது. பிடித்தாலும் சுவரோடு ஒட்டிய டிவிக்குப் பின்னால் கை போகாது. இடி நேரத்தில் திரும்ப அதே பாடுதான்.

அம்மாவின் அலமாரியை அவசியம் கொண்டுவாருங்கள். தேக்கு இந்த மழையைத் தாங்கும். ஆனால் அதன் மேல் டிவி வேண்டாம். மூன்றரை அடி உயரம் என்று எழுதியிருக்கிறீர்கள், அம்மா அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். துணி வையுங்கள், வெயில் அடிக்கிற நாளில் கதவைத் திறந்து போடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே பூசணம் வாசம் வந்துவிடும். சாமான் இறக்க யூனியன் ஆள் வந்து பணம் கேட்பார்களோ என்று பயப்பட வேண்டாம். வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நிற்பதற்குக் கேட்கிற நோக்குகூலியை 2018 மே 1 முதல் கேரள அரசே தடை செய்துவிட்டது. பாரமான அலமாரிக்கு அவர்கள் கை வேண்டும் என்றால் கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், அலுங்காமல் இறக்கித் தருவார்கள்.

லாரி ஆரியங்காவு தாண்டியதும் ஒரு போன் போடுங்கள். கடையை அடைத்துவிட்டு டேப்போடு வந்துவிடுகிறேன்.