கம்பி கட்டுவதும் நாற்று நடுவதும் முதுகுக்கு ஒன்றுதான்

தம்பி, மன்னார்குடிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் வந்து மூன்று மாதம், கட்டுமானத்தில் கம்பி கட்டும் வேலை, சாயங்காலம் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை, இரவில் கழுத்து இழுத்துப் பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரில் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ நெல் மூட்டை தூக்கியபோதுகூட இப்படி வலிக்கவில்லையே, இந்த வேலை நமக்கு ஒத்துவராதா என்பது உங்கள் கேள்வி. நடவுக்குப் போகும் அம்மாவுக்கும் இதே வலி, கோடாலித் தைலம் வாங்கி அனுப்பினால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வேலை ஒத்துவரும். மூட்டை தூக்கும்போது குனிவீர்கள், நிமிர்வீர்கள், நடப்பீர்கள், இறக்கிவிட்டுக் கையை உதறுவீர்கள். கம்பி கட்டும்போது அப்படியில்லை. குறடும் கட்டுக்கம்பியுமாகக் குனிந்தால் அந்த வரிசை முடியும்வரை நிமிர்வதே கிடையாது. முழுக்கக் குனிந்தே நிற்கும்போது முதுகுத் தசை தன் பிடியை விட்டுவிடுகிறது. பாரம் முழுவதும் எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் நார்களிலும், முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல இருக்கும் டிஸ்க்கிலும் இறங்குகிறது. இருபது நிமிடம் போனால் அந்த நார்கள் இழுபட்டுத் தளர்ந்துவிடும். பழைய நிலைக்கு வர அதைவிட அதிக நேரம் பிடிக்கும். அந்தத் தளர்வோடு திரும்பி ஒரு கம்பிக் கட்டைத் தூக்கும்போதுதான் 'படக்'கென்று பிடிக்கிறது. பலர் அந்தக் கடைசிக் கட்டின் எடையைக் குறை சொல்கிறார்கள். அதற்கு முந்தைய அரை மணி நேரம்தான் காரணம்.

அதனால் பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். இரண்டு உள்ளங்கையையும் இடுப்பின் பின்புறம் வைத்து, முழங்காலை மடக்காமல், மெதுவாகப் பின்னால் சாயுங்கள். இரண்டு விநாடி நின்று திரும்ப வாருங்கள். ஐந்து முறை போதும், அரை நிமிட வேலை; சூப்பர்வைசர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். முடிந்த இடத்தில் ஒரு முழங்காலைப் பலகையிலோ பழைய ஃபோம் துண்டிலோ ஊன்றிக் கட்டுங்கள், வரிசைக்கு வரிசை காலை மாற்றுங்கள். நின்றபடியே கட்டும் நீளக் கைப்பிடிக் கருவி சில கம்பெனிகளில் இருக்கிறது. இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

காலை நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரவு படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கிறது. எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் அதன்மேல் அழுத்தம் அதிகம். விடியற்காலையில் எழுந்து, லாரியில் குறுகி உட்கார்ந்து வந்து, இறங்கியதும் முதல் வேலையாகச் சாமான் இறக்குவது முதுகுக்கு மிகக் கெடுதல். இறங்கியதும் ஐந்து நிமிடம் நடந்துவிட்டுத் தொடுங்கள். லாரியில் வரும்போது ஒரு துண்டைச் சுருட்டி இடுப்புக் குழிவில் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கும்போது பாரம் வயிற்றை ஒட்டி இருக்கட்டும். இடுப்பைத் திருகாமல், பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். எல்லாம் வசதியாக அமைந்த இடத்தில்கூட ஒரு ஆளுக்கு 23 கிலோ என்பதுதான் அமெரிக்கப் பணிப் பாதுகாப்புக் கணக்கு. 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு இரண்டு பேர் வேண்டும்.

கழுத்துவலிக்கு உங்கள் கட்டிலைப் பாருங்கள். இரண்டு தலையணையை அடுக்கிச் சாய்ந்து, போனை வயிற்றின்மேல் வைத்து ஊருக்கு ஒரு மணி நேரம் வீடியோவில் பேசினால், நாலரை ஐந்து கிலோ இருக்கும் தலையைக் கழுத்தின் பின்தசைதான் அவ்வளவு நேரமும் தாங்குகிறது. மேல் கட்டிலின் சட்டத்தில் கயிறு கட்டிப் போனைக் கண் மட்டத்தில் தொங்கவிடுங்கள், அல்லது காதில் மாட்டிக்கொண்டு நடந்தபடி பேசுங்கள். தூங்க ஒரே தலையணை: ஒருக்களித்துப் படுத்தால் தோளுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நிரப்பும் உயரம், முழங்கால்களுக்கு நடுவில் இன்னொன்று. குப்புறப் படுக்க வேண்டாம். மெத்தை நடுவில் குழிந்திருந்தால் அடியில் ஒரு பிளைவுட் பலகை போடுங்கள். கழுத்துக்குத் தினம் ஒரு பயிற்சி: நேராக உட்கார்ந்து, மோவாயைக் கீழே குனியாமல் பின்னோக்கி இழுத்து ஐந்து விநாடி நிறுத்துங்கள், பத்து முறை.

சிங்கப்பூர் தேக்கா பக்கத்துச் சலூனிலோ ஊரிலோ முடி வெட்டியதும் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்க விடாதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கழுத்தெலும்பின் வழியாகத்தான் ஏறுகிறது. அது கிழிந்தால் பக்கவாதம் வரலாம். சின்னப் பிள்ளையை ஏற்றி முதுகை மிதிக்கச் சொல்வதும் வேண்டாம்.

பிடித்துவிட்டால் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் படுக்காதீர்கள். சாதாரணப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். மெதுவாக நடப்பவருக்குச் சீக்கிரம் அடங்கும். குப்புறப் படுத்து, இடுப்பு தரையில் இருக்க, கைகளை ஊன்றி மார்பை மட்டும் தூக்கிப் பத்து முறை செய்து பாருங்கள். காலுக்கு இறங்கிய வலி இடுப்பை நோக்கித் திரும்பினால் தொடரலாம். இன்னும் கீழே இறங்கினால் நிறுத்திவிடுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த டைக்ளோஃபினாக் வலி மாத்திரையைத் தினமும் போட்டு வேலைக்குப் போவது ஆபத்து. வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடிப்பவரின் சிறுநீரகத்தை அது பதம் பார்க்கும். வயிற்றுப்புண், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

வேலையில் பிடித்ததென்றால் அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லி, செய்தியாகவும் அனுப்பி வையுங்கள். டாக்டர் ஓய்வோ இலகுவான வேலையோ எழுதிக் கொடுத்தால் கம்பெனி மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலையிடக் காயத்துக்கு இழப்பீடு கேட்க ஓராண்டு அவகாசம் உண்டு. வேலை பெர்மிட் போய்விடுமோ என்று பயந்து மறைப்பவர்கள்தான் பிறகு ஆதாரம் இல்லாமல் தவிக்கிறார்கள். மலம், சிறுநீர் கட்டுப்பாடு போவது, தொடை இடுக்கு மரத்துப்போவது, கால் அல்லது கை வலுவிழப்பது என்றால் அந்த நேரமே ஆம்புலன்ஸுக்கு 995. காய்ச்சலோடு முதுகு வலித்தாலும் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

அம்மாவுக்குத் தைலம் அனுப்புங்கள், நன்றாக இருக்கும். ஆனால் அது தோலைக் குளிர்ச்சியாக்கி வலியைக் கொஞ்ச நேரம் மறக்கடிக்கும், அவ்வளவுதான். தைலம் தேய்த்த இடத்தில் ஒத்தடம் கொடுத்தால் தோல் வெந்துபோகும் என்பதைச் சொல்லுங்கள். ஒத்தடத்துக்கு இரண்டு கை கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி, முன்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, பதினைந்து நிமிடம். வயலில் இடது முழங்கையைத் தொடையில் ஊன்றி நடுவது முதுகுப் பாரத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தை விட வேண்டாம். கையிலுள்ள நாற்றுமுடி தீர்ந்து அடுத்த கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் நிமிர்ந்து, உங்களுக்குச் சொன்ன அதே பின்சாய்வை மூன்று முறை செய்யட்டும். குடத்தை ஒரே இடுப்பில் வைக்காமல், இரண்டு சின்ன வாளியாக இரண்டு கையிலும் எடுக்கட்டும்.

மாதவிடாய் நின்ற வயது என்றால் ஒரு விஷயம் கவனம். வரப்பில் சும்மா சறுக்கியதற்கே முதுகு கடுமையாக வலித்தால், தேய்ந்த எலும்பு நசுங்கியிருக்கலாம். எண்ணெய் தேய்த்து நீவ விடாமல் மன்னார்குடி அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். வலி நாள்பட்டு இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைக் கேட்கலாம். 2021இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார்.