சூரியன் எரிகிறதா? கேள்வி பதில்

கேள்வி: சூரியன் எரிகிறது என்கிறோமே, என்ன எரிகிறது?

எதுவும் எரியவில்லை. எரிவது வேதிவினை. சூரியன் முழுக்க நிலக்கரியாக இருந்திருந்தால் சில ஆயிரம் ஆண்டுகளில் தீர்ந்திருக்கும். அதன் வயதோ சுமார் 460 கோடி ஆண்டுகள். அங்கே நடப்பது அணுக்கரு இணைவு. நான்கு ஹைட்ரஜன் அணுக்கருக்கள், அதாவது நான்கு புரோட்டான்கள், படிப்படியாகச் சேர்ந்து ஒரு ஹீலியம் அணுக்கரு ஆகின்றன.

கேள்வி: சேர்வதால் ஆற்றல் எப்படி வரும்?

நிறையைக் கூட்டிப் பாருங்கள். நான்கு புரோட்டான்கள் 4.029 அலகு, ஹீலியம் அணுக்கரு 4.0015 அலகு. குறைகிற 0.7 சதவீதம்தான் ஆற்றலாக வெளிப்படுகிறது. ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜன் இணைந்து, 40 லட்சம் டன்னுக்கு மேல் ஆற்றலாகிறது.

கேள்வி: அப்படியானால் சூரியன் சீக்கிரம் கரைந்துவிடாதா?

இதுவரை இப்படிக் கரைந்தது பத்தாயிரத்தில் மூன்று பங்குதான். மையத்து ஹைட்ரஜன் இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளுக்குத் தாங்கும்.

கேள்வி: ஹைட்ரஜன் குண்டுபோல ஒரேயடியாக ஏன் வெடிக்கவில்லை?

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. சூரியனின் வெப்பத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, அங்கே இணைவு எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்பதைப் பற்றி நாம் பேசுவதில்லை.

புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்குபவை. மையத்தின் 1.5 கோடி டிகிரி வெப்பம்கூட அந்த விலக்கத்தை நேரடியாக வெல்லப் போதாது. தாண்டப் போதிய ஆற்றல் இல்லாத தடையையும் நுண்துகள்கள் சிலசமயம் கடந்துவிடும்; இந்தக் குவாண்டம் ஊடுருவலால் அபூர்வமாகச் சில நெருங்கிவிடுகின்றன. இப்படி ஊடுருவ முடியும் என்று காட்டியவர்களில் ஒருவர் இயற்பியலாளர் ஜார்ஜ் காமோவ், 1928-ல். நெருங்கினாலும் போதாது. அந்தக் கணத்திலேயே இரண்டில் ஒன்று நியூட்ரானாக மாற வேண்டும். பெரும்பாலும் மாறுவதில்லை, பிரிந்துவிடுகின்றன. சராசரியாக ஒரு புரோட்டான் தன் முறைக்கு ஆயிரம் கோடி ஆண்டுகள் போலக் காத்திருக்கிறது! அதனால் சூரியனின் நட்ட நடுவில்கூட ஒரு கன மீட்டர் தருவது 300 வாட்டுக்கும் குறைவு. நான்கு மின்விசிறிகள் சுற்றும், அவ்வளவுதான். சூரியனின் பிரம்மாண்டமான பருமனால்தான் மொத்தம் அத்தனை பெரிதாகிறது. குண்டில் இருப்பது சாதாரண ஹைட்ரஜன் அல்ல, கருவில் நியூட்ரானும் உள்ள அதன் கனமான வகைகளான டியூட்டிரியமும் டிரிட்டியமும். இரண்டு புரோட்டான்கள் இணையும் இந்த மந்தமான முதல் படியே அங்கு கிடையாது.

வினை சற்று வேகமெடுத்தாலும் மையம் விரிந்து குளிர்ந்து, வேகம் தானே தணிந்துவிடும்.

கேள்வி: உள்ளே போய்ப் பார்க்காமல் இதெல்லாம் எப்படித் தெரியும்?

நியூட்ரினோக்கள் சொல்கின்றன. இணைவின்போது பிறக்கும், எதனோடும் அநேகமாக மோதாமல் கடந்துபோகும் நுண்துகள்கள் இவை. மையத்தில் பிறக்கும் ஒளி மோதி மோதி மேற்பரப்பை அடையப் பல்லாயிரம் ஆண்டுகளாகும். நியூட்ரினோ இரண்டே நொடிகளில் வெளியேறி, எட்டு நிமிடங்களில் பூமிக்கு வந்துவிடும். உங்கள் கட்டைவிரல் நகத்தை நொடிக்கு 6,000 கோடிக்கு மேற்பட்டவை கடக்கின்றன. அமெரிக்கச் சுரங்கமொன்றில் விஞ்ஞானி ரேமண்ட் டேவிஸ் 1960-களின் இறுதியில் இவற்றை எண்ணத் தொடங்கியபோது எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. சூரியனைப் பற்றிய கணக்கே தவறோ என்று பலர் ஐயப்பட்டார்கள். டேவிஸின் கருவி ஒரு வகை நியூட்ரினோவை மட்டுமே பிடித்தது; வழியில் நியூட்ரினோக்கள் வகை மாறுகின்றன என்று கனடாவின் சட்பரி ஆய்வகம் 2001, 2002-ல் காட்டியது, கணக்கு நின்றது. 2014-ல் இத்தாலியின் போரெக்சினோ கருவி, இரண்டு புரோட்டான்கள் இணையும் அந்த முதல் படியிலிருந்து வந்த நியூட்ரினோக்களையே பதிவு செய்தது.