வீட்டுக்கு நர்ஸ் வந்தால் அப்பாவுக்குப் பலன் உண்டா?

கேள்வி: காசிமேட்டில் இருக்கிறோம் டாக்டர். அப்பாவுக்கு 67 வயது. பல வருடமாகச் சர்க்கரை, இப்போது இதயமும் பலவீனம். இந்த வருடத்தில் மூன்று முறை மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீட்டுக்கே நர்ஸ் வரவழைத்தால் பலன் இருக்குமா, காசுதான் போகுமா?

பதில்: பலன் உண்டு, வருகிறவர் எதைப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்து. இதயம் பலவீனமானவர்களை விவரம் தெரிந்த நர்ஸ் வீட்டுக்கு வந்து கவனித்தால், திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்வது குறைகிறது. இது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்கள் ரொம்ப முக்கியம். குளிப்பாட்டி, சாப்பாடு கொடுக்கும் அட்டெண்டர் போட்டால் உங்களுக்கு ஒத்தாசை. மூச்சுத் திணறல் அதனால் நிற்காது.

கொருக்குப்பேட்டைப் பெரியவர் ஒருவர் என்னிடம் வருவார். "எல்லா மாத்திரையும் சரியா போடறேன்" என்பார். கால் வீக்கம் வடியவே இல்லை. நானும் நீர் மாத்திரையை (உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது) கூட்டிக்கொண்டே போனேன். வீட்டுக்குப் போன நர்ஸ் பார்த்தால், தலையணைக்கு அடியில் பிரிக்காத மூன்று அட்டை! அவர் இருப்பது மாடியில், கக்கூஸ் கீழே, அதுவும் நாலு குடித்தனத்துக்கு ஒன்று. மாத்திரை போட்டால் காலையிலேயே அஞ்சாறு தடவை படி இறங்கணும். ஒரு யூரின் கேன் வாங்கி வைத்தார்கள், வீக்கம் வடிந்தது. என் கிளினிக்கில் உட்கார்ந்து அந்தப் படிக்கட்டை நான் எப்படிப் பார்ப்பது?

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன் அப்பாவின் எடையைப் பார்த்து எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது உடம்பில் தேங்கும் நீர். அன்றைக்கே டாக்டருக்கு போன் செய்யுங்கள். சர்க்கரை இருப்பதால் பாதத்தில் புண் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், கருவாடு. உங்கள் பக்கத்தில் சொன்னால் கோபம் வரும், ஆனால் அதில் இருக்கும் உப்பு அப்பாவுக்கு ஆகாது.

செலவு செய்வதற்கு முன் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள். 2021இல் தொடங்கிய அரசுத் திட்டம். சர்க்கரை, பி.பி. மாத்திரைகளை வீட்டுக்கே இலவசமாகத் தருவார்கள். தேவைப்பட்டால் பிசியோதெரபியும் உண்டு. இதயத்துக்கான மருந்தைக் கூட்டுவது குறைப்பதெல்லாம் இப்போது பார்க்கும் இதய டாக்டரிடமே இருக்கட்டும்.

படுக்கவே முடியாமல் மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்து வியர்த்தாலோ, நர்ஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108.