தாத்தாவோட தாத்தா யாரு? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

டர்பன்ல இருந்து ஒரு தம்பி: அண்ணா, கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு கப்பல்ல வந்தவராம். எங்க சர்நேம் மூன்சாமி. ஊரு எதுன்னு யாருக்கும் தெரியாது, எங்க ஆரம்பிக்கறது?

மூன்சாமின்னா நம்ம முனுசாமிதான் தம்பி. கிளார்க் காதுல விழுந்தத எழுதிட்டான், கவுண்டர் கோவெண்டர் ஆன கதைதான். அதனால பேர வச்சு மட்டும் தேடாதீங்க, நான் ஒரே ஸ்பெல்லிங்க கட்டிக்கிட்டு ஆறு மாசம் வீணாக்குனேன். உங்களுக்கு வேண்டியது நம்பர். 1860 நவம்பர்ல ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்லேந்து டர்பன் போய் சேந்துச்சு, அதுக்கப்புறம் 1911 வரைக்கும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல நேட்டாலுக்கு, அதான் தென்னாப்பிரிக்கால உங்க டர்பன் இருக்கற பகுதிக்கு, போனாங்க, ஆளுக்கு ஒரு காலனி நம்பர். கப்பல் லிஸ்ட்ல அந்த நம்பருக்கு நேரா அப்பா பேரு, வயசு, சாதி, உயரம், ஜில்லா, தாணா (அதாவது போலீஸ் ஸ்டேஷன் எல்லை), கிராமம், ஏன் உடம்புல எங்க தழும்புங்கறது வரைக்கும் எழுதி வச்சிருப்பாங்க. முதல்ல வீட்ல இருக்கற பழைய பிறப்பு, கல்யாண, இறப்பு சர்டிபிகேட்ட எல்லாம் எடுத்து பாருங்க, நிறைய பேருக்கு நம்பர் அதுலயே இருக்கும். லிஸ்ட்டு டர்பன் ஆவணக்காப்பகத்துல இருக்கு.

ஜோகன்னஸ்பர்க் அக்கா: எனக்கு லிஸ்ட்டு கிடைச்சுடுச்சு தம்பி, ஜில்லா வட ஆற்காடுன்னு இருக்கு. வேலூர்தானே, டிக்கெட் போட்றலாமா?

அவசரப்படாதீங்கக்கா. அந்த காலத்து வட ஆற்காட்டுக்கு தலைநகரே சித்தூருதான், 1911லதான் சித்தூர் தனி ஜில்லா ஆச்சு. இன்னைக்கு கணக்குல வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை, கூடவே ஆந்திரா பக்கம்னு எங்க வேணா இருக்கலாம். தாணான்னு போட்டிருக்கற பேர பிடிங்க, அத சுத்தி அந்த கிராமப் பேரு இருக்கான்னு பாருங்க. ஒரே பேர்ல பத்து ஊரு இருக்கும், அதான் தலைவலி.

மொரிஷியஸ்: எங்களுக்கு?

மோக்கால இருக்கற மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட். குடியேறுனவங்க பதிவேடு அங்கதான், குடுத்து வச்சிருந்தா போட்டோவே கிடைக்கும்.

நாமக்கல்காரர்: நாங்க கப்பலும் ஏறல ஒண்ணும் ஏறல, இதே ஊருதான். எங்களுக்கு என்ன ரெக்கார்டு சார் இருக்கப்போகுது?

உங்களுக்குத்தான் சார் நிறைய இருக்கு! வீட்டு பீரோல தாய்ப்பத்திரம் இருக்கும் பாருங்க, அதுல "இன்னார் குமாரர் இன்னார்"னு எழுதி வாங்கினவர், வித்தவர், சாட்சின்னு ஒரே தாள்ல ரெண்டு மூணு தலைமுறை வந்துரும், பக்கத்து நிலத்துக்காரன் யாருன்னு நாலு எல்லைல சொல்லிருப்பாங்க, பாதி நேரம் அவன் பங்காளியாத்தான் இருப்பான். வில்லங்கம் ஆன்லைன்ல பொதுவா 1975லேந்துதான் வரும், அதுக்கு முந்தி வேணும்னா சார்பதிவாளர் ஆபீஸ்ல மனு போட்டு எடுக்கணும். அப்புறம் யாரும் நினைச்சுப் பாக்காத ஒண்ணு, குலதெய்வக் கோயில் வரி நோட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணி எழுதி வச்சிருப்பாங்க. வெளியூர் போனவன் பேருகூட அதுல கிடக்கும். என் அனுபவத்துல பெரிய ஆபீஸ்ல அலைஞ்சு கிடைக்காதது பூசாரி வீட்டு பரண்ல கிடைச்சிருக்கு. ஆனா ஒரு குறை, பொம்பளைங்க பேரு இருக்காது. அதுக்கு பாட்டிங்கள விட்டா ஆளே இல்ல.

பாண்டிச்சேரி பொண்ணு: சார், எங்க குடும்பப் பேரு மட்டும் பிரெஞ்சு. வெள்ளக்காரன் வாரிசா நாங்க?

அப்படி இருக்கணும்னு இல்லம்மா. 1881ல வந்த ஒரு பிரெஞ்சு ஆணைப்படி சொந்த வழக்க விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறுனவங்க ஒரு குடும்பப் பேர தேர்ந்தெடுத்துக்கணும், ரெனோன்சான்னு சொல்வாங்க. அந்த பேரு எடுத்த முதல் ஆளு யாருன்னு பாருங்க, அவருக்கு அதுக்கு முந்தின தமிழ்ப் பேரு ஒண்ணு இருக்கும்.

சிங்கப்பூர்: டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா ஊரு தெரியுமா ப்ரோ?

தெரியாது ப்ரோ. எங்கயோ ஒரு தூரத்து சொந்தத்த காட்டும், அதுவும் அவங்களும் எச்சி துப்பி அனுப்பிருந்தாத்தான். அந்த காசுக்கு ஊருக்கு வந்து உங்க பெரியப்பாவ உக்கார வச்சு போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. "வரலாறு சொல்லுங்க"ன்னு கேட்டா ஒண்ணும் வராது, "உங்க கல்யாணத்துக்கு யார் யார் மொய் வச்சாங்க"ன்னு கேளுங்க, மொய் நோட்டே வெளிய வரும்.