மறு: தங்கச்சிய காலேஜ்ல சேக்கறதா, ஓசூர் கம்பெனிக்கு அனுப்பறதா?

தம்பி, பென்னாகரம் அரசு ஸ்கூல்ல +2 முடிச்ச தங்கச்சிய ஓசூர் செல்போன் கம்பெனிக்கு அனுப்பலாம்னு அப்பா சொல்றாரு, அவளுக்கு படிக்கணும்னு ஆசை, என்ன பண்றதுன்னு கேட்டிருக்கீங்க. கம்பெனி வேலைய நான் கேவலமா சொல்ல மாட்டேன், எங்க பாலக்கோடு பக்கம் எத்தனையோ பொண்ணுங்க அந்த சம்பளத்துலதான் குடும்பத்தையே தாங்குதுங்க. ஆனா மொதல்ல டிகிரி முடிக்கட்டும், கம்பெனி எங்கயும் ஓடிடாது.

அப்பாகிட்ட உரிமை, சமத்துவம்னு பேசினா எழுந்து போயிருவாரு, காசு கணக்க சொல்லுங்க. 6லேர்ந்து 12 வரைக்கும் அரசு ஸ்கூல்ல படிச்ச பொண்ணுக்கு புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா அவ அக்கவுண்டுக்கே வருது, டிகிரி மட்டுமில்ல டிப்ளமோ, ஐடிஐ சேந்தாலும் உண்டு. காலேஜ் மூலமாதான் அப்ளை பண்ணணும், ஆதார் லிங்க் பண்ண அக்கவுண்ட் அவ பேர்லயே இருக்கணும், ஸ்கூல்ல எமிஸ் நம்பர், அதான் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கற பதிவு நம்பர், கேட்டு வாங்கி வச்சிக்கோங்க. வேலைக்கு போய்க்கிட்டே தபால்ல படிச்சா இந்த பணம் வராது, இத பல பேரு கவனிக்கறதில்ல.

பசங்களோட படிக்க வேணாம்னா கிருஷ்ணகிரிலயும் பர்கூர்லயும் அரசு மகளிர் காலேஜே இருக்கு. தெனமும் போய்வர தூரம்னா பிசி எம்பிசி, ஆதிதிராவிடர் நல ஹாஸ்டல்ல சாப்பாடு தங்கல் ரெண்டும் இலவசம்.

இன்னொன்னு, ரெண்டு வருசத்துல கட்டிக் குடுக்கப்போறோம், எதுக்கு படிப்புன்னு மாமா, சித்தப்பான்னு யாராவது ஆரம்பிப்பாங்க. அந்த நேரத்துல அண்ணன் நீங்க வாய தொறக்கணும், அவ சொன்னா திமிருன்னுவாங்க.

கம்யூனிட்டி சர்டிபிகேட், இன்கம் சர்டிபிகேட் கைல இருக்கா? இல்லன்னா நாளைக்கே இ-சேவைல போட்டுருங்க, தாசில்தார் ஆபீஸ்ல இழுக்கும்.